வாய்க்கால் கரைக்காக நான் பேசியது

ராஜவாய்க்கால் கரையைக் காலி செய்து பூங்கா அமைப்பது பற்றிப் பேரூராட்சியில் கூட்டம் போட்டார்கள். எங்கள் எருமைக் கொட்டகை அந்தக் கரையில்தான் இருந்தது. அதை விட்டுவைக்கும்படி கேட்கத்தான் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். படித்த பையன் என்று மைக்கை என்னிடம் நீட்டினார்கள். கை தட்டல் கேட்கும் ஆசையில், கரை எல்லோருக்கும் பொது, ஆக்கிரமிப்பு எதுவானாலும் அகற்ற வேண்டும் என்று பேசிவிட்டேன். முதலில் கை தட்டியவர் அப்பா.

“ஆட்சேபம் ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று தலைவர் கேட்டார்.

அப்பா எழுந்தார். “எம் பையனே சொல்லீட்டானுங்க. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றதுங்க?”

திரும்பும்போது நான் வண்டி ஓட்ட, பின்னாலிருந்து தோளைத் தட்டினார். “நல்லாத்தான் பேசுன சாமி. எருமைய இனி எங்க கட்டறதுன்னு மட்டும் சொல்லிப்போடு.”

வீடு வரும்வரை நான் வண்டிக் கண்ணாடியைப் பார்க்கவில்லை.