கிட்டாருக்குள் ஒரு மைனா

அப்பா செய்த கிட்டார்களில் ஒன்றிரண்டு இன்னும் கொழும்பில் யாரிடமாவது இருக்கக்கூடும். வட்டத் துளைக்குள் எட்டிப் பார்த்தால், பின்பலகையில் ஒட்டிய சிறு காகிதத்தில் ஓர் இறால் தெரியும். அது இறால் அல்ல, மைனா. வரைந்தவள் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் பெட்டாக் கடைத்தெருவில் கிட்டார் வாங்கியவர்களும் கலியாண வீடுகளில் பைலாப் பாட்டுப் பாடியவர்களும் ஒன்றுசேர்ந்து அதை இறாலாக்கிவிட்டார்கள். சிங்களத்தில் இறாலுக்கு இஸ்ஸோ என்று பெயர். "இஸ்ஸோ கிட்டார் இருக்கா" என்று கடையில் கேட்கிறார்களாம் என அப்பா வந்து சொன்ன அன்று நான் கோபத்தில் சாப்பிடவில்லை. என் மைனாவின் கால்களை மீசை என்றும் வாலை வால் என்றும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வால் மட்டும் சரி.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் தச்சு வேலை. கிட்டார் செய்வது அந்த வேலை முடிந்து வந்த பிறகு, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முன்கூடத்தில், அதாவது ஹோலில். ஹோல் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அப்பாவின் வேலை மேசை, சாப்பாட்டு மேசை, மாதா படம், அண்ணாவின் பாடப்புத்தகங்கள், நான், எல்லாமே அதற்குள்தான். மரத்தூள் சேராத சோறு நான் சின்ன வயதில் சாப்பிட்டதே இல்லை.

கிட்டாருக்கு எவ்வளவு பார்த்துப் பார்த்து மரம் எடுப்பாரோ அவ்வளவு பார்த்து லேபிளுக்குக் காகிதம் எடுப்பார். எங்கள் தெரு முனையில் ஒரு சின்ன அச்சகம் இருந்தது. அங்கே கலியாண அழைப்புக் காட் வெட்டியபின் மிஞ்சும் ஓரங்களை வாங்கி வருவார். செத்தவீட்டுக் காட் ஓரங்கள் இன்னும் நல்ல காகிதம்தான், ஆனால் அம்மா அதை வாசல்படி தாண்ட விடவில்லை. ஒவ்வொரு துண்டையும் காதருகே வைத்து மடக்கிப் பார்ப்பார். சரசரவென்று சத்தம் போட்டால் அது விறைப்பான காகிதம், நாலு நாளில் மூலை தூக்கிக்கொள்ளும், வேண்டாம். சத்தமில்லாமல் வளைவதைத்தான் எடுப்பார். பிறகு அதைப் பால் விடாத பிளேன்டீயில் நனைத்து, என் பள்ளிச் சட்டைக்குப் பக்கத்தில் கொடியில் கிளிப் போட்டுக் காயவிடுவார். ஆக்கள் குடிக்கத் தேயிலை இல்லை, கடதாசிக்கு மட்டும் இரண்டு கோப்பையா என்று அம்மா கேட்காத வாரம் இல்லை. ஒட்டுவதற்குக் கோதுமை மாப் பசை. கரப்பான்பூச்சி தின்னாமலிருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பார்.

காய்ந்த காகிதத்தில் அச்சகத்துக்காரர் ஆங்கில எழுத்தில் அப்பாவின் பெயரை அடித்துத் தருவார். கீழே கொட்டாஞ்சேனை, கொழும்பு. அப்பாவின் பெயரில் முன்பாதி ஒரு புனிதருடையது, பின்பாதி என் அப்பப்பாவுடையது. புனிதர்கள் எல்லாருக்கும் பொது. சிங்களக் கத்தோலிக்கர் வீட்டிலும் அதே பெயரில் ஒருவர் இருப்பார். அப்பப்பாவின் பெயரோ அசல் தமிழ், நீளமும் அதிகம். வடக்கே சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வருடங்களில் கொழும்பில் அப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவதே ஒரு வேலை. சோதனைச் சாவடியில் முதலில் பெயரைப் படித்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள்.

எனக்கு ஏழு வயது இருக்கும். பெட்டாவில் அப்பாவின் கிட்டார்களை விற்றுத் தந்த சிங்கள முதலாளி ஒரு சனிக்கிழமை வீட்டுக்கே வந்தார். கூடவே, கடைக்குப் போயிருந்த மூன்று கிட்டார்களும் ஆட்டோவில் திரும்பி வந்தன. நல்ல மனிதர், எனக்கு டொபி மிட்டாய் கொண்டுவராமல் வந்ததில்லை. அன்று டொபியைத் தந்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பிளேன்டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். நான் மேசைக்கு அடியில் மரச்சீவல்களைச் சுருட்டி விளையாடிக்கொண்டிருந்தேன்.

"பாஸ், கிட்டார் நல்லம். அதில குறை இல்ல," என்றார் தனக்குத் தெரிந்த தமிழில். தச்சர்களைச் சிங்களவர் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். "ஆள் வாறது, எடுத்து வாசிக்கிறது, சந்தோசம். பிறகு உள்ளுக்குப் பாக்கிறது. பாத்துட்டுத் திருப்பி வைக்கிறது. நான் என்ன செய்யிறது?"

அப்பா உளியை எடுத்துத் தீட்டத் தொடங்கினார்.

"அந்த லேபலை மாத்துங்க பாஸ். ஸ்பெயின் பேர் மாதிரி ஏதாவது ஒண்டு. இப்பிடியே இருந்தா இனி நான் எடுக்க ஏலாது. கோவிக்க வேணாம்."

அவர் போன பிறகு அம்மா, பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் போட்டால் என்ன என்று மெதுவாகக் கேட்டார். அப்பா உளியைக் கீழே வைத்தார்.

"அது என்ட அப்பாட பேர். பொய்ப் பேரும் வேணாம், அரைப் பேரும் வேணாம். போட ஏலாட்டி, பேரே இல்லாமப் போகட்டும்."

இத்தனையும் என் காதில் விழுந்தன. விழுந்ததை வைத்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஆட்கள் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கிறார்கள் என்றால், லேபிள் வடிவாக இல்லை, அழகே இல்லை. வெறும் எழுத்து, ஒரு பூ இல்லை, ஒரு கலர் இல்லை. யார்தான் வாங்குவார்கள்? பிளேன்டீயில் நனைத்தது வேறு. அப்பாவின் கிட்டார் வேலையே நின்றுவிடும் போலிருக்கிறது, இந்தச் சின்ன விஷயம் இவர்களுக்கு விளங்கவில்லையே என்று எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது.

அடுத்த நாள் பூசை முடிந்து வந்ததும் அப்பா எங்கள் இருவரையும் கூப்பிட்டு ஒரு போட்டி வைத்தார். ஆளுக்கொரு லேபிள் வரைய வேண்டும். நல்லதைக் கிட்டாரில் ஒட்டுவார். ஒரேயொரு நிபந்தனை: படம் மட்டும்தான், பெயர் எழுதக்கூடாது. எனக்கு எழுத்து கோணல்மாணலாக வரும் என்பதால்தான் அப்பா இப்படி ஒரு சலுகை தருகிறார் என்று நினைத்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் மதில்மேல் வந்து கத்தும் மைனாவை வரைந்தேன். பறவைக்குக் கால் எத்தனை என்பதில் எனக்கு அப்போது தாராள மனது. அண்ணாவுக்குப் பதினைந்து வயது, கை சுத்தம், பள்ளிக்கூடத்தில் விளம்பரப் பலகையெல்லாம் அவர்தான் எழுதுவார். அவர் ஒளித்து ஒளித்து எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்ததுமே நான் தோற்றுவிட்டேன் என்று தெரிந்து, அழுகையை அடக்கிக்கொண்டு இன்னும் ஒரு கால் போட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் இரண்டையும் மேசைமேல் வைத்தோம். அண்ணாவின் காகிதத்தில் படமே இல்லை. அப்பாவின் பெயர்தான் இருந்தது. முன்பாதி, பின்பாதி, ஓர் எழுத்து குறையாமல், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், கறுப்பு மையில், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல.

அப்பா அதை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பின்பாதியின்மேல் ஒரு விரலை மெல்ல ஓட்டினார், மரம் வழவழப்பாகிவிட்டதா என்று பார்ப்பாரே, அதேபோல.

"நான் என்ன சொன்னனான் மகன்?"

"பேர் இல்லாட்டி இது ஆருட கிட்டார், அப்பா?" என்றார் அண்ணா. குரல் உடைந்துகொண்டிருந்த வயது. பாதிக் கேள்வி கீச்சென்று வந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். "அண்ணா அவுட்! பேர் எழுதக் கூடாதெண்டு சொன்னதுதானே! அண்ணா அவுட்!" என்று ஹோலைச் சுற்றிச் சுற்றி ஓடிக் கத்தினேன். சோற்றுச் சட்டியோடு வந்த அம்மா, "வாயை மூடு பிள்ளை," என்று ஒரு அதட்டல் போட்டார்.

"விடும். அவ சொல்றது சரிதானே," என்றார் அப்பா. அண்ணாவின் தலையில் கை வைத்து முடியைக் கொஞ்சம் கலைத்துவிட்டார். "அண்ணா அவுட்தான்."

அண்ணா தர்க்கம் பண்ணவில்லை. சும்மா கிடக்கிற சண்டையைத் தூக்கி வளர்க்கிற அண்ணா, அன்று எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, என் மைனாவைப் பிளேன்டீக் காகிதத்தில் மையால், மூன்று கிட்டார்களுக்குமாக, மூன்று தரம் பார்த்து வரைந்தார். ஒரு கோட்டைக்கூடத் திருத்தவில்லை. அத்தனை கால்களையும் அப்படியே போட்டார். தோற்றுப்போன ஆத்திரத்தில் வேண்டுமென்றே செய்கிறார் என்று நான் அம்மாவிடம் முறையிட்டேன்.

பின்னேரம் பழைய லேபிள்களை எடுக்கும் வேலை. அதற்கு என் கைதான் தேவைப்பட்டது. அப்பாவின் கை துளைக்குள் நுழையும், ஆனால் உள்ளே போய் விரலை மடக்கி வேலை செய்ய இடம் போதாது. அவர் தந்திகளைத் தளர்த்தி இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, கிட்டாரை மடியில் கிடத்திப் பிடித்துக்கொண்டார். அண்ணா டோர்ச் அடித்தார். நான் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை உள்ளே விட்டு, காகிதம் ஊறும்வரை பொத்திப் பிடித்து, நகத்தால் உரித்தேன். முன்பாதி சுலபமாக வந்துவிட்டது. பின்பாதிதான் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. துணியை மறுபடி நனைத்து நனைத்து, துண்டு துண்டாகத்தான் எடுக்க முடிந்தது.

"மெதுவா மகள். அவசரமில்ல," என்றார் அப்பா.

வெளிச்சம் ஆடியது. "டோர்ச்சை ஒழுங்காப் பிடிங்க அண்ணா," என்று ஒரு முதலாளியைப் போல அதட்டினேன். நான் எடுத்த துண்டுகளைத் தரையில் உதறப் பார்த்தபோது, அப்பா சட்டென்று கையை நீட்டி ஒவ்வொன்றாக வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். தரை அழுக்காகாமலிருக்க என்று நினைத்தேன்.

இடம் காய்ந்ததும் மைனாவின் பின்புறம் பசை தடவி அப்பா என் கையில் தந்தார். உள்ளே கொண்டுபோய், நேராக வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அவர் சொல்லித்தந்தபடியே தடவிவிட்டு, கையை வெளியே எடுத்தேன்.

"வடிவா இருக்கா?"

"ஓம் மகள். நல்ல வடிவா இருக்கு."

இனி எல்லாரும் வாங்குவார்கள் என்று சொன்னேன். அப்பா தலையாட்டினார். அண்ணா டோர்ச்சை அணைக்கவில்லை. இருவரும் அந்தத் துளைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பசை காயும்வரை இப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் போல என்று நினைத்து, நானும் அவர்களுக்கு நடுவில் தலையை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.