பந்தலுக்கு வந்த இங்கிலீஷ் ரெக்கார்டு

எழுபதுகளில் எங்கள் ஊர் இண்டூரில் மைக் செட் வைத்திருந்த பஷீர் பாய், உலகமே கொண்டாடிய ஓர் இங்கிலாந்து ராக் குழுவின் ரெக்கார்டை எனக்குப் போட்டுக் காட்டினார். எனக்குத் தலைவலிதான் வந்தது. பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்து, “பிரமாதங்க பாய்” என்றேன். அதன்பின் வாராவாரம் கூப்பிட்டு அதையே போட்டார். ஓராண்டு தலையாட்டினேன்.

என் கல்யாணத்துக்கும் அவர் மைக் செட்தான். பெண் வீட்டார் வண்டியிலிருந்து இறங்கும்போது, மங்கள இசை ஒலிக்கவேண்டிய நேரத்தில், அந்த ரெக்கார்டை எடுத்தார்.

“உங்களுக்குப் புடிச்சதுதாங்க மொதப் பாட்டு.”

ஊருக்கே கேட்குமே! வியர்க்க விறுவிறுக்க ஓடினேன்.

“வேண்டாங்க பாய். எனக்கு அது ஆரம்பத்துலேருந்தே புடிக்கலீங்க.”

பாய் ரெக்கார்டைக் கீழே வைத்தார். “எனக்குந்தாங்க. நீங்க ரசிக்கிறீங்களேன்னுதான் வாராவாரம் போட்டேன்.”

பந்தலில் நாதஸ்வரம் ஒலித்தது. நான் சொன்ன ஒரு பொய்க்காக, அந்த நல்ல மனிதரும் ஓராண்டு தலைவலியைப் பொறுத்திருக்கிறார்.