அக்கா வண்டியின் முன்சக்கரங்கள்

எங்கள் அக்கா பிறந்தது சிதம்பரத்தில். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இரண்டு கால்களையும் முடக்கியது. பள்ளிக்கு அப்பா தூக்கிப் போனார், கல்லூரிக்கு நான். அக்காவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. "அரிசி மூட்டையாடா நானு?" என்று என் காதைத் திருகுவார். 

கடலூரில் பட்டறை வைத்திருந்த மாமாவைக் கைப்பிடித்த பின், அங்கேயே இயற்பியல் ஆசிரியை ஆனார். மாமாவிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: யாரும் தூக்காமல், தானே ஓட்டிப் போக ஒரு வண்டி. கையாலேயே இயக்கும்படி ஒரு குட்டிக் காரை மாமா கட்டத் தொடங்கினார். பழைய இரும்புக் கடையில் பிரேக் ஒரு ஜோடிதான் தேறியது. அதை எந்தச் சக்கரங்களுக்குப் பூட்டுவது என்று வீட்டில் பெரிய வழக்கே நடந்தது.

மாமா பெண் பார்க்க வந்த அன்று, எங்கள் தெருமுனையில் சைக்கிளின் முன்பிரேக்கைப் பிடித்துக் குப்புற விழுந்து, பாதிப் பல்லோடுதான் வீட்டுக்குள் வந்தார். அதுமுதல் முன்பிரேக் என்றாலே அவருக்கு ஆகாது.

"முன்னாடி போட்டா வண்டி கவுந்துடும்மா. பல்லு போனவன் சொல்றேன், கேளு."

"சைக்கிள் ஒசரம், இது தாழ்வு, கவுராது. பஸ்ஸுல சடன் பிரேக் போட்டா அத்தினி பேரும் எந்தப் பக்கம் சாயறாங்க? பாரம் முன்னாடிதாங்க வரும். பிரேக்கும் அங்கதான் இருக்கணும்."

மாமா கேட்பதாயில்லை. பின்சக்கரங்களுக்கே பூட்டி, மழை விட்ட ஒரு மாலையில் பட்டறை முற்றத்தில் ஓட்டிப் பார்த்தார். பிரேக்கைப் பிடித்ததும் வண்டி சரேலென்று சுழன்று, வந்த வழியைப் பார்த்து நின்றது. மாமா இறங்கி ஸ்பேனரை எடுத்தார். "டீ போடட்டுமா?" என்றார் அக்கா. முன்சக்கரங்களுக்கு மாற்றியதும் அதே ஈரத்தில் வண்டி நேராக நின்றது. பின்னாளில் பின்சக்கரங்களுக்கும் பிரேக் வந்தது.

அனுமதி வாங்க அலைந்தது தனிக்கதை. அதன்பின் ஓய்வு பெறும்வரை அக்கா தானே ஓட்டிப் பள்ளிக்குப் போனார். பொங்கலுக்குச் சிதம்பரம் வந்து வாசலில் ஹாரன் அடிப்பார். சக்கர நாற்காலிக்குத் தானே மாறிக்கொள்வார். மாமா பக்கத்து இருக்கையில் முந்திரி கொறித்துக்கொண்டு வருவார். நிறைவான வாழ்வு அது.

சென்ற ஆண்டு அக்கா சில நாள் படுத்திருந்து, அமைதியாகக் கண்மூடினார். பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், கூடவே இருந்த அண்டை வீட்டார், ஓடிவந்த பழைய மாணவிகள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பாடைக்குத் தோள் கொடுத்த உறவினர்களுக்குத் தனியாக நன்றி. வண்டி வந்த பிறகு அக்காவை நாங்கள் தூக்கியது அன்று ஒருநாள்தான். தள்ளாத வயதில் மாமா ஏன் சுமக்க வேண்டும் என்று அவரைப் பின்னால் வரச் சொன்னேன்.

"இல்ல மச்சான், நான் முன்னாடி நிக்கிறேன். முன்னாடிதான் பாரம் வரும்னு அவ சொல்லியிருக்கா."