ஒரே பிளக்கில் முப்பத்தொரு வீடுகள்

தெருவில் அவரைப் பல்செட் அக்கா என்பார்கள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பீங்கானில் பல் செய்து கொடுப்பது அவருடைய இருபத்திரண்டு வருட வேலை. ஆசைப்பட்டுச் சேர்த்ததும் பீங்கான்தான்: கிறிஸ்துமஸ் கிராமம் அமைக்கிற உள்ளங்கை அளவு வீடுகள். ரொட்டிக்கடை, தபால் நிலையம், தேவாலயம் என்று மொத்தம் முப்பத்தொன்று.

ஒவ்வொரு டிசம்பரிலும் அவற்றைக் கூடத்தில் பரப்புவார். பத்தொன்பது வீடுகளுக்குள் பல்பு உண்டு. தனித்தனி ஒயர், தனித்தனி பிளக். மீதிப் பன்னிரண்டு இருட்டு வீடுகள். போன வருடம் எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று புகைந்து, வீடு முழுக்க விளக்கு அணைந்தது. கணவர் டார்ச் அடித்துக்கொண்டு, "உன் ஊருக்கு கரன்ட் குடுத்து நம்ம வீடு இருட்டாப் போச்சு" என்றார்.

இந்த வருடம் நூலகர் அழைத்தார். "சிறுவர் பகுதியில வைங்கம்மா. ஆனா அங்க ஒரே ஒரு பிளக்தான். பிள்ளைங்க ஓடுற இடம், தரையில ஒயர் இருக்கக்கூடாது."

அக்கா யோசிக்காமல் தலையாட்டிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில்தான் பத்தொன்பது பிளக்குகளை எண்ணிப் பார்த்தார்.

முப்பத்தொன்றையும் எரியவைக்கப் போவதாக எலெக்ட்ரீஷியனான கொழுந்தனிடம் சொன்னபோது அவர் சிரித்தேவிட்டார். "அண்ணி, அந்தப் பன்னிரண்டு வீட்டுக்கு அடியில ஒயர் நுழைய ஓட்டையே இல்ல. டிரில் வெச்சா தூள் தூளாயிடும். பேசாம பத்து வீட்ட வெச்சுட்டு வாங்க."

அந்தப் 'பேசாம' அக்காவுக்குச் சுருக்கென்றது. "பீங்கான்ல ஓட்டை போடுறத நான் பாத்துக்கறேன் தம்பி. ஒயர் விஷயம் மட்டும் கேட்டா சொல்லுங்க."

மறுநாள் வேலை முடிந்ததும், பல் தீட்டும் மேஜையில் முதல் வீட்டைக் கவிழ்த்து வைத்தார். வைரத்தூள் பூசிய டிரில் நுனி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், அழுத்தமே இல்லாத விரல். மூன்று நிமிடத்தில் துளை விழுந்தது. ஒரு கீறல் இல்லை. நான்கு நாளில் பன்னிரண்டும் முடிந்தன.

பழைய பல்புகளைக் கழற்றி எறிந்துவிட்டு, ஐந்து வோல்ட்டில் எரியும் குட்டி எல்இடிகளைப் பொருத்தினார். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு என்று மெல்லிய ஒயரை இழுத்துக்கொண்டே போனார். ஸ்விட்சைப் போட்டால், முன்வரிசை ஜொலித்தது. கடைசி வீடுகள் தூக்கக் கலக்கத்தில் இருந்தன.

கொழுந்தனுக்குப் போன் போட்டார்.

"போற வழியிலயே கரன்ட் தேஞ்சுடுது அண்ணி. தடி ஒயர் ரெண்டு நடுவுல ஓட்டுங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் அதுலேர்ந்து கிளை எடுங்க."

முழுக்கப் பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். கால் பொருத்திய பெரிய பலகையில் வீடுகளை நிறுத்தினார்; அதன் அடியில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு தடி ஒயர்கள். அவற்றிலிருந்து முப்பத்தொரு கிளைகள். ஒவ்வொரு இணைப்பிலும் ஈயம் உருக்கி, பல்லுக்கு மெருகேற்றுகிற பொறுமையோடு பற்றவைத்தார்.

விளக்கு போடும் நாளில் நூலகத்தில் கூட்டம் கூடிவிட்டது. கடைசி இணைப்பை அங்கேயே அவசரமாகப் பற்றவைத்தார். ஸ்விட்சைப் போட்டார். முப்பது வீடுகள் எரிந்தன. நட்டநடுவில் தேவாலயம் மட்டும் இருட்டு.

கொழுந்தன் உதவிக்கு ஓர் அடி முன்னால் வந்தார். அக்கா கையால் தடுத்துவிட்டு, ஸ்விட்சை அணைத்துப் பலகைக்கு அடியில் குனிந்தார். சிவப்பு போக வேண்டிய இடத்தில் கறுப்பு! ஒயர் மாறினால் எல்இடி எரியாது. கழற்றி மாற்றிப் பற்றவைக்க இரண்டு நிமிடம்.

மறுபடி போட்டார். கோபுரத்தின் உச்சி வரை வெளிச்சம் ஏறியது. பிள்ளைகள் போட்ட கூச்சலை நூலகர்கூட அடக்கவில்லை.

கொழுந்தன் தரையில் மல்லாந்து படுத்து, பலகையின் அடியை வெகுநேரம் பார்த்தார். "அண்ணி, நெஜமாவே இது நீங்க பண்ணதா? எங்கிட்ட வேலை செய்யறவங்ககூட இவ்வளவு சுத்தமா ஒயர் கட்ட மாட்டாங்க."

"எழுந்திருங்க தம்பி, சட்டை அழுக்காகுது" என்றார் அக்கா. முகத்தில் சிரிப்பு கொள்ளவில்லை. ஒரு காரணமும் இல்லாமல் விளக்குகளை அணைத்துவிட்டு, இன்னொரு தடவை போட்டார்.