மூன்று தட்டு

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். கமீஸோவின் தொட்டிலையே படகில்தான் கட்டியிருந்தார்கள், அப்புறம் அவரைச் சொல்லி என்ன பயன்? சிந்து ஆற்றில் டால்பின் மூச்சுவிட மேலே வந்தால், படகே வீடாக வாழும் அவருடைய ஆட்கள் படகின் விளிம்பில் மூன்று தட்டு தட்டுவார்கள். புல்ஹன் என்று அவர்கள் சொல்லும் அந்தப் பிராணிக்குக் கண் தெரியாது. சலாம் வைத்தால் காதிலாவது விழ வேண்டாமா?

ஐம்பத்தெட்டு வயதில் கமீஸோவுக்குச் சலாம் வைக்க வேறு ஆளும் கிடையாது. மனைவி பாகுல் இறந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. மகன் கராச்சியில் மூன்றாம் மாடியில் குடியிருந்தான். சுக்கூர் அணைக்கு மேலே, பெரிய ஆற்றிலிருந்து பிரிந்த ஒரு கிளை ஓடையில் அவருக்குக் காவல் வேலை. படகிலேயே சமைத்து, படகிலேயே தூங்கினார். வலை போட வருபவர்களை விரட்ட வேண்டும், ஓடையில் எத்தனை புல்ஹன் என்று மாதம் ஒருமுறை அலுவலகத்தில் போய்ச் சொல்ல வேண்டும். அவர் எப்போதும் ஐந்து என்றே சொன்னார்.

பாகுல் இருந்தவரை அது உண்மை. அவள் இறந்த வருஷம் வந்த வெள்ளத்தில் நான்கு புல்ஹன்கள் பெரிய ஆற்றுக்குப் போய்விட்டன. வெள்ளம் வடிந்தபோது ஓடையின் இரண்டு வாயையும் மணல் அடைத்துக்கொண்டது. மூக்கு கோணலான கிழவி ஒன்று மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டது. ஐந்துக்குக் குறைந்தால் அந்த ஓடைக்குக் காவல் எதற்கு என்று ஓர் அதிகாரி முன்பே சொல்லி வைத்திருந்தார். காவல் போனால் மூன்றாம் மாடிதான் கதி. ஆகவே கமீஸோ ஐந்தை விடவில்லை. கெட்டிக்காரன் புளுகே எட்டு நாள்தான் தாங்கும். இவர் கெட்டிக்காரர்கூட இல்லை, ஆனாலும் இரண்டு வருஷம் தாங்கியது. அங்கே எட்டிப் பார்க்க ஒரு நாதி இல்லாததுதான் காரணம்.

அந்த ஜனவரியில் கணக்கெடுப்பு வந்தது. டாக்டர் ஸனோபர் என்ற பெண்மணி தலைமை. இரண்டு படகுகள். முன்படகு எண்ணிக்கொண்டே போகும், கொஞ்சம் தள்ளிப் பின்படகு அதே வழியில் எண்ணிக்கொண்டு வரும். ஒருவர் பார்த்ததை மற்றவருக்குச் சொல்லக் கூடாது, கை காட்டக் கூடாது. முன்படகைக் கமீஸோ ஓட்டினார், பின்படகை அவருடைய அத்தை மகன் மிஸ்ரி ஓட்டினான்.

முதல் நாள் பெரிய ஆறு. மாலையில் டாக்டரம்மா இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முன்படகு முப்பத்தொன்று. பின்படகும் அதே முப்பத்தொன்று, அதே இடங்களில்.

"ஒன்னுகூட தப்பலையா? மூடுபனியில, கண் இமைக்கிறதுக்குள்ள முங்கிடுற பிராணி. இது நம்புற மாதிரி இல்லையே. மிஸ்ரி, உண்மையச் சொல்லுங்க."

மிஸ்ரி சிரித்தான். "எங்களுக்கு என்ன கஷ்டம் டாக்டரம்மா? இந்த மாப்பிள்ளைதான் வழிநெடுக தபலா வாசிச்சுக்கிட்டே வந்தாரே. தட்டுற சத்தம் கேட்டா நாங்க அந்தப் பக்கம் திரும்பிக்குவோம்."

தன் கை தட்டியதே கமீஸோவுக்குத் தெரியாது.

"சாச்சா," என்று கமீஸோவைச் சித்தப்பா முறை வைத்துக் கூப்பிட்டார் டாக்டர், "ஒரு படகு பாத்து இன்னொன்னு விட்டுட்டது எத்தனைன்னு தெரிஞ்சாதான், ரெண்டு பேருமே விட்டுட்டது எவ்வளவு இருக்கும்னு நான் கணக்குப் போட முடியும். நீங்க தட்டிக் கொடுத்தா என் கணக்கு குறைஞ்சுபோகும். பாக்காம விட்டதெல்லாம் இல்லாததாயிடும்."

"தெரியாம நடந்துபோச்சும்மா."

"பரவால்ல. நாளன்னிக்கு அந்த இடத்தைத் திரும்ப எண்ணுவோம். நாளைக்கு உங்க ஓடை."

தேள் கொட்டிய திருடனைப் போல அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு படகைக் கட்டப் போனார்.

மறுநாள் ஓட்டும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். படகுகளை மணல் திட்டுக்கு மேல் இழுத்து உள்ளே இறக்கி, ஓடை முழுக்கப் போய்த் திரும்பினார்கள். முன்படகில் ஒன்று. பின்படகிலும் ஒன்று. மிஸ்ரிகூடக் கிண்டல் செய்யவில்லை.

"சாச்சா, அலுவலகத்துல அஞ்சுன்னு இருக்கே."

"ஒன்னுதாம்மா. ரெண்டு வருஷமா ஒன்னுதான்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்னைத் தூக்கிருவாங்க. அப்புறம் அதுக்கு யாரு சலாம் வைப்பா?"

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். மூங்கில் கழியைத் தண்ணீரில் விட்டு எடுத்து, ஈரம் ஏறிய உயரத்தைக் காட்டினார். இடுப்பளவு. "ஒரு மாசத்துல இது முழங்கால் தண்ணி. அதுக்கு மேல அது உயிரோட இருக்காது. அஞ்சும் நல்லா இருக்குன்னு எழுதியிருந்ததாலதான் யாரும் எடுக்க வரல."

அது அவர் நெஞ்சில் தைத்தது. இத்தனை நாளும் அதற்குத் துணையாக இருப்பதாக நினைத்திருந்தார். தன் துணைக்காக அதைச் சிறை வைத்திருந்தது இப்போதுதான் புரிந்தது. கூட்டமாகத் திரிய வேண்டிய ஜீவன், இரண்டு வருஷம் ஒரு கிழவனின் தட்டலை மட்டும் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறது.

அதைப் பிடித்துப் பெரிய ஆற்றில் விட மதியம் இரண்டு தடவை வலை விரித்தார்கள். இரண்டு தடவையும் நழுவியது. இன்னும் விரட்டினால் களைத்தே செத்துவிடும் என்றார் டாக்டர், ஒரே ஒரு முறைதான் பார்க்கலாம் என்றார்.

"எல்லாரும் சத்தம் போடாம இருங்க," என்றார் கமீஸோ. தன் படகை வலைக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். விளிம்பில் மூன்று தட்டு தட்டினார்.

கிழவி வந்தது. கோணல் மூக்கைத் தூக்கி, புஸ் என்று மூச்சு விட்டது. வலை சுற்றி வளைத்தபோது கமீஸோ வேறு பக்கம் பார்த்தார்.

பாகுல் துண்டு துண்டாகத் தைத்த போர்வையை நனைத்து, அதில் கிடத்தி, நான்கு பேர் மணல் திட்டைத் தாண்டித் தூக்கிப் போனார்கள். கமீஸோ கூடவே ஓடி, மூச்சுத் துளையில் படாமல் முதுகில் செம்பால் தண்ணீர் ஊற்றினார். பெரிய ஆற்றில் இறக்கியதும் அது ஒரு கணம் அசையாமல் இருந்தது. பிறகு இல்லை. போர்வை மட்டும் மிஞ்சியது.

மூன்றாம் நாள் காலையிலேயே அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டது, காவல் அந்த வாரத்தோடு சரி என்று. அன்று பெரிய ஆற்றில் முதல் நாள் இடத்தைத் திரும்ப எண்ணினார்கள். மணல் திட்டுக்கு நேரே வந்தபோது, முன்படகுக்கு இரண்டு முழம் தள்ளி ஒன்று எழுந்தது. மூக்கு கோணல். முங்கியது. அதே இடத்தில் மறுபடி எழுந்தது. எதற்காக நிற்கிறது என்று அந்தப் படகில் ஒருவருக்குத்தான் தெரியும்.

கமீஸோ துடுப்பை இறுகப் பற்றிக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது, துடைக்கவும் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அது விளிம்புக்குப் போய்விடும். டாக்டர் தாளில் ஒரு கோடு போட்டார். மூன்றாம் தடவை அது தூரத்தில் எழுந்தது. அப்புறம் எழவில்லை.

மாலையில் தாள்களை ஒப்பிட்டார்கள். முன்படகு முப்பத்து மூன்று, பின்படகு இருபத்தெட்டு. மணல் திட்டுக்கு நேரே பின்படகின் தாளில் எதுவுமில்லை.

"அது அங்க இருந்துச்சும்மா," என்றார் கமீஸோ.

"தெரியும் சாச்சா. ஒரு படகு பாத்தா போதும். அவங்க விட்டதனாலதான், நாம விட்டதும் இருக்கும்னு சேத்துக்க முடியுது."

"யாருமே பாக்காததையும் சேத்துக்குவீங்களா?"

"சேத்துக்குவேன்."

எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு அவர் படகில் தனியாக உட்கார்ந்து மூன்று தட்டு தட்டினார். கொஞ்சம் பொறுத்து இன்னும் மூன்று. வெளிச்சம் போகும்வரை பார்த்தார். தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. பிறகு போனை எடுத்து மகனைக் கூப்பிட்டு, வருகிறேன் என்றார்.