இரண்டாவது பூட்டு

அந்தக் கைப்பிடியில் தொங்கிய பூட்டு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் முற்பகல் அது. திருகோணமலையில் எங்கள் மின் உபநிலையத்தில் லைன்களுக்கு மின்சாரம் கொடுக்கும், நிறுத்தும் ஆளிகளை இயக்குவது என் வேலை. லைனில் ஏறப் போகிற ஒவ்வொரு குழுவும் யாரும் மின்சாரம் விட முடியாதபடி ஆளியின் கைப்பிடியில் தன் பூட்டை மாட்டிவிட்டுச் சாவியைக் கையோடு கொண்டுபோகும். இறங்கியபின் பூட்டியவரே வந்து திறக்க வேண்டும். சாவி ஆளோடு வர வேண்டும் என்பது எங்களுக்குள் சத்தியம் மாதிரி. அன்று இரண்டு பூட்டுகள். நகரத்துக் குழு வேலை முடித்து வந்து தன்னுடையதைத் திறந்துவிட்டது. மற்றது எங்கள் மேற்பார்வையாளர் போமன் நானாவுடையது, அண்ணனை நானா என்பது அவர் ஊர் வழக்கம். கிண்ணியா ஊர்க்காரர், அறுந்த கம்பிகளைக் கட்ட மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே அந்தப் பக்கம் போயிருந்தார்.

அதன்பின் அவரிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பக்கத்துப் போன் கோபுரத்துக்கு மின்சாரம் இல்லை, அதனால் போன் இல்லை. போன் இல்லாததால் அவர் இறங்கிவிட்டாரா என்று தெரியாது. தெரியாமல் நான் மின்சாரம் கொடுக்க முடியாது. பாலையூற்றுத் தண்ணீர்ப் பம்பும் அதே லைனில்தான், அது ஓடாததால் ஆஸ்பத்திரித் தாங்கி வற்றிக்கொண்டிருந்தது. ஒன்றின் கழுத்தை மற்றது பிடித்துக்கொண்டிருந்தது, போங்கள். ஆஸ்பத்திரியில் ஜெனரேற்றர் ஓடியது, ஆனால் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்குத் தண்ணீரும் வேண்டும். அதற்காக அங்கே காத்துக் கிடந்தவர்களில் ஒருவர் என் கணவர். புயலால் ஏற்கெனவே ஒரு முறை தவறிவிட்டது. இன்னொன்று தவறினால் தாங்கமாட்டார் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

தாங்கியில் அடிமட்டம்தான் இருக்கிறது என்று தாதி தொலைபேசியில் சொன்னாள். என்னோடு வேலை செய்த தம்பி இரும்பறுக்கும் வாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். நல்ல பிள்ளைதான், என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அறுப்பமா அக்கா?”

நானா இந்நேரம் இறங்கியிருப்பார் என்றது ஒரு மனம். கம்பியில் கை வைத்தபடி நிற்பார் என்றது இன்னொரு மனம். என் கை வாளின் பிடிக்குப் போனது எனக்கே தெரியாது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

மதியம் தாண்டி வந்தது நானா இல்லை. வீதி வெள்ளத்தில் கிடந்ததால் வள்ளத்தில் வந்த ஒரு மீனவர், தெப்பமாக நனைந்து, கையில் அந்தச் சாவியோடு நின்றார். ஆள் இல்லாமல் சாவி வந்தால் என்ன நினைப்பது? அவர் தோளில் கிடந்த உரப்பையைக் கவிழ்த்தார். கம்பம் ஏறும்போது இடுப்பில் கட்டும் பெல்ட்டுகள். எண்ணினேன், நாலு பேருக்கும் நாலு.

“நானா இறங்கேக்க வழுக்கிக் கால் முறிஞ்சிட்டுது, வர ஏலாது. பெல்ட் இல்லாம ஒருத்தரும் ஏற ஏலாதுதானே. இதைக் காட்டினா தங்கச்சி நம்புவா எண்டு சொல்லி அனுப்பினவர்.”

நம்பினேன். பூட்டைத் திறந்து கைப்பிடியைத் தூக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. சற்று நேரத்தில் பம்ப் ஓடுகிறது என்று பாலையூற்றிலிருந்து சொன்னார்கள். மாலையில் என் கணவரை இயந்திரத்தில் போட்டார்கள்.

இப்போதும் மின்சாரம் போனால் இவர் விசிறியைத் தேடுவார். எனக்கோ யார் எந்தக் கம்பத்தில் நிற்கிறார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

வெள்ளம் வடிந்தபின் நானாவையும் அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். காலில் கட்டோடு கிடந்தவர் முதலில் இவரைத்தான் விசாரித்தார். இவர் அன்று இங்கே இருந்தது முன்பே தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியும் தங்கச்சி. கம்பத்தில நிண்ட நேரம் முழுக்க நான் வெள்ளத்துக்குப் பயப்படேல்ல. உங்களுக்குத்தான் பயந்தனான், மின்சாரத்தை விட்டிடுவீங்களோ எண்டு.”

“நானும் எனக்குத்தான் பயந்தனான், நானா” என்றேன்.