எத்தனை தம்பதிகள்

2010-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முன்னால் வீடுகளைக் கணக்கெடுத்தார்கள். அந்த வேலைக்கு எங்களைப் போன்ற பள்ளி ஆசிரியர்களைத்தான் அனுப்பினார்கள். மார்த்தாண்டத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரே எனக்கு வாய்த்தது. அதே மாதக் கடைசியில் என் கணவருக்குக் கத்தாருக்கு டிக்கெட் போட்டிருந்தது. அவர் வீடுகளுக்கு வயரிங் செய்கிற எலக்ட்ரீஷியன். அவர் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். மாடி எடுப்பதற்காக எங்கள் மொட்டைமாடியில் விட்டிருந்த கம்பிகள் துருப்பிடித்துக்கொண்டிருந்தன. சுற்றிலும் எல்லோரும் மாடி எடுத்துவிட்டார்கள், அது என் கண்ணை உறுத்தியது. அவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. விசாவுக்கான மெடிக்கல் எடுக்கத் திருவனந்தபுரம் போய்வந்தார், பெட்டி வாங்கினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஃபாரத்தில் முப்பத்தைந்து கேள்விகள். கூரை எதனால் ஆனது, தரை எதனால் ஆனது, ரேடியோ உண்டா, சைக்கிள் உண்டா என்று போகும். மழையில் குடையும் ஃபாரமுமாகப் படி ஏறி இறங்கினேன். கேள்வி தயாரித்தவர்கள் எங்கள் பக்கம் வந்ததில்லை என்பது இரண்டாவது வீட்டிலேயே தெரிந்துவிட்டது. வாசலில் கார் நிற்கும்போது சைக்கிள் உண்டா என்று கேட்டதற்காக ஒரு பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீதிக் கேள்விகளுக்கு அவர் மருமகள்தான் பதில் சொன்னாள். சமையலறை வீட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்ற கேள்விக்கு யாராலும் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. உள்ளே கிரானைட் பதித்த சமையலறை இருக்கும், கேஸ் அடுப்பு துணி போட்டு மூடியிருக்கும். சோறும் மீன்குழம்பும் பின்பக்கச் சாய்ப்புக் கொட்டகையில் விறகில் வேகும். நான்கு கழிவறை உள்ள ஒரு வீட்டில் மூன்றில் தேங்காயும் ரப்பர் ஷீட்டும் கிடந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பொறாமையும் வந்தது. அப்படி மூன்று கழிவறையை வீணாகப் போட்டுவைக்க எனக்கும் ஆசைதான்.

இரண்டாம் வாரத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்குப் போயிருந்தார்கள். கணவர் சவூதியில் இருந்தார், பதினொரு வருடமாக. தரை டைல்ஸ், கூரை கான்கிரீட், டிவி, கம்ப்யூட்டர், கார், எல்லாவற்றுக்கும் உண்டு என்று எழுதினேன். அவள் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒவ்வொரு பதிலையும் சந்தோஷமாகவே சொன்னாள். குடும்பத்தில் எத்தனை திருமணமான தம்பதிகள் வசிக்கிறார்கள் என்று கேட்டேன். ஒன்று என்றாள். வெளிநாட்டில் இருப்பவரைச் சேர்க்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் விதிமுறை விஷயத்தில் கறாரான ஆள். விளக்கிச் சொல்லிவிட்டுப் பூஜ்யம் போட்டேன்.

அவள் எட்டி அந்தக் கட்டத்தைப் பார்த்தாள்.

"டீச்சர், இந்த வீட்டுல உள்ளது எல்லாம் அவரு வாங்கிப் போட்டதாக்கும். காரு உண்டு, அவரு இல்ல, அப்படியா?"

அப்படித்தான் என்றேன். அவள் சண்டை போடவில்லை. லீவுக்கு அவர் வந்திருந்த நாட்களை எல்லாம் கூட்டினாலும் இரண்டு வருடம் தேறாது, நீங்கள் எழுதியது சரிதான் என்றாள். சாயா ஆறுவதாக நினைவுபடுத்தினாள். அடுத்த வீட்டிலும் பூஜ்யம்தான் எழுத வேண்டியிருந்தது. அடுத்த மாதம் என் வீட்டுக்கும் இதே பூஜ்யம்தான். பயந்துபோய்விட்டேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் என் கணவர் வேலை முடிந்து வந்து கைகால் கழுவியதும், போக வேண்டாம் என்று சொன்னேன். இவ்வளவு தூரம் வந்த பிறகு என்ன இது என்று கேட்டார். அந்தப் பெண்ணின் கதையைச் சொன்னேன், அழவும் செய்தேன். அவர் ஏஜென்டுக்கு போன் செய்து வரவில்லை என்று சொன்னார். என் அண்ணன்மார் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். அவர் பெட்டி பீரோ மேல் ஏறியது, அதில் என் கல்யாணப் பட்டுகளை வைத்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு அவருக்கு வேலைக்குப் பஞ்சமே வரவில்லை. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் கட்டிய வீடுகளுக்கெல்லாம் வயர் இழுத்தது அவர்தான். மாடி மட்டும் நாங்கள் எடுக்கவில்லை. வெளிநாட்டுப் பணத்தில் பக்கத்து வீட்டுப் பெண் மருத்துவம் படிக்கப் போனபோது எனக்குச் சின்னதாக ஒரு வயிற்றெரிச்சல் வந்ததை மறைக்கவில்லை. ஆனாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் இருந்தோம். அதை நான் போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஆறேழு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரச்சீனிக்கிழங்கும் மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அன்றைக்கு நான் தடுத்ததால்தான் இப்படிச் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று அவரிடமே ஆரம்பித்தேன். அவர் மீன்முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"போகச் சொன்னதும் நீயாக்கும், போண்டாம்னு சொன்னதும் நீயாக்கும். எனக்குப் போகணுமான்னு நீ ஒருக்கலும் கேக்கல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. போக ஆசை இருந்ததா என்று அப்போதுதான் கேட்டேன்.

"இருந்துது. மாடிக்கு வேண்டி ஒண்ணும் இல்ல. பிளேன்ல ஒருக்கா ஏறணும்னு சின்ன வயசுலயே ஆச" என்றார்.

சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் மீன் கேட்டார். நான் எழுந்து போய் எடுத்துவந்தேன்.